திரையில்லாத் திருநாள்

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதுதான் தாமதம். கைப்பேசி இல்லாமல் பிள்ளையை வீட்டுக்குள் எப்படி வைத்திருப்பது என்று நம் பெற்றோர் நள்ளிரவுவரை கைப்பேசியில் தேடிப் படிக்கிறார்கள். என்ன பொறுப்பு!

பல்லாங்குழி வந்து இறங்கியாயிற்று. 14 குழி, பை நிறையச் சோழி. விழுங்கிவிடுமே என்று சோழியைப் பரணில் ஏற்றியாயிற்று. வெறும் குழியில் ஆடினால் கற்பனை வளரும். தண்ணீர் விளையாட்டு உண்டு, லாரி வருகிற நாளில். ஓடிப்பிடிக்கலாம், கீழ்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தால். சுவரில் கிறுக்கலாம், வீடு சொந்தமானால். (வாடகை வீட்டுக் குழந்தைகள் மனசுக்குள் கிறுக்கிக்கொள்ளட்டும்.) கதை சொல்லப் பாட்டியும் உண்டு, வீடியோ அழைப்பில். அது திரைக் கணக்கில் வராது, பாசக் கணக்கில் வரும்.

இத்தனைக்கும் மேல் குழந்தையே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தது. காலிச் சோப்பு டப்பாவைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்தபடி சோபாவில் சாய்ந்துகொண்டது.

“கண்ணா, என்ன பண்றே?”

பதில் இல்லை. நாலாவது தடவைக்குத்தான் வாய் திறந்தது.

“அப்பா வெளையாட்டும்மா. கூப்பிட்டா திரும்பக் கூடாது.”