மலையடிவாரத்துச் சத்தங்கள்

எங்கள் அடி அண்ணாமலையில் மயிலைப் பார்க்க இப்போது யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கோயில் மதிலில், மாட்டுக்கொட்டகைக் கூரையில், புளியமரக் கிளையில் என்று எங்கும் மயில். என் சின்ன வயதில் மயிலை முருகன் படத்தில்தான் பார்த்திருந்தோம். எப்போதாவது மலைப்பக்கம் ஒன்று அகவினால் களத்தில் நெல் தூற்றுகிறவர்கள் முறத்தை இறக்கிவிட்டுக் காது கொடுப்பார்கள். நான் எழுதிய முதல் கவிதை அப்படிக் கேட்ட ஓர் அகவலைப் பற்றியது. இன்று மல்லாட்டை விதைத்த மறுநாளே மயில்கள் கொல்லையில் இறங்கிச் சால் விடாமல் கிளறிவிடுகின்றன. பக்கத்துக் கொல்லைக்காரர், எனக்குப் பெரியப்பா முறை, பழைய டின் ஒன்றைத் தட்டி விரட்டிக்கொண்டே கேட்டார்: “ஏம்பா, மயிலப் பத்தி எழுதறியே, அது தின்ன வெதைக்கு யாரு துட்டு குடுக்கறது?”

அந்தக் கேள்விக்கும் அந்த டின் சத்தத்துக்கும் இடமில்லாத இயற்கைக் கவிதை பாதிக் கவிதைதான் என்று நினைக்கிறேன். இப்படி நினைக்க எனக்குத் துணிவு தந்தது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் இந்த 583 அடிப் பாட்டைப் பாடிய பெருங்கௌசிகனார் இரணியமுட்டத்துக்காரர். பாடப்பட்ட மண் எங்களுடையது. அதன் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இங்கிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் வரும் இன்றைய செங்கம். பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும் புலவர், நடுவில் ஓரிடத்தில் மலையில் என்னென்ன கேட்கும் என்று வரிசையாகச் சொல்கிறார். அருவியாடும் மகளிரின் ஆரவாரம் கேட்கிறது. முள்ளம்பன்றி தாக்கியதில் காயம்பட்ட கானவரின் அழுகை கேட்கிறது. புலி கீறிய கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டும், பிளவுக்குள் குட்டியைத் தவறவிட்ட மந்தி சுற்றத்தோடு கூடி அழுவதும் கேட்கின்றன. அதே மூச்சில் தினைப்புனத்தில் பெண்கள் கிளி கடிவதும், சேம்பும் மஞ்சளும் காப்பவர்கள் பன்றியை விரட்டப் பறை அறைவதும் வருகின்றன. மந்தியின் துக்கம் ஒரு தட்டில், பயிர்க்காரனின் பறை இன்னொரு தட்டில் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பறைதான் பெரியப்பாவின் கையில் டின்னாக இருக்கிறது.

என் சின்ன வயது மலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தீ. பங்குனி, சித்திரை இரவுகளில் திண்ணையில் படுத்தபடி பார்ப்போம். சரிவில் நெருப்பு ஒரு கோடாக ஊர்ந்து மேலே போகும். காலையில் மலை கறுத்துக் கிடக்கும். ஆளுயரப் புல்லும் பாறையும்தான் அன்றைக்கு மலை. விறகுக்கும் ஆட்டுக்கும் தப்பி வந்த மரக்கன்று தீக்குத் தப்பாது. இன்று மழை ஓய்ந்து புல் காய்ந்ததும், சரிவில் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு எடுக்கிறார்கள். வனத்துறையோடு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளைக்காரர்களும் உள்ளூர் இளைஞர்களும் இதை ஆண்டுதோறும் செய்கிறார்கள். புகை தெரிந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுகிறார்கள். அந்த வெயிலில், 814 மீட்டர் உயர மலையில், தழையால் அடித்துத் தீயணைப்பது எத்தனை பெரிய பாடு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உசிலையும் வெட்பாலையும் மறுபடி தழைத்துச் சரிவை மூடியிருக்கின்றன. மலையைப் பற்றி நல்ல வரி எழுதிய எல்லாரையும்விட இவர்கள் அதற்கு அதிகம் செய்திருக்கிறார்கள்.

மரம் கூடிய அளவுக்குக் காது கூடவில்லை. எங்கள் ஊருக்கு மாணிக்கவாசகர் கோயில் ஒன்று உண்டு. திருவெம்பாவையை அவர் இங்கே பாடினார் என்பது மரபு. அதன் இருபது பாட்டில் எட்டாவது, கோழி கூவுவதிலும் எங்கும் குருகுகள் ஒலிப்பதிலும் தொடங்குகிறது. என் சின்ன வயதில் மார்கழி விடியலில் பஜனைக்காரர்கள் பாடிக்கொண்டே தெருவில் வருவார்கள். அவர்கள் மூச்சுவாங்கும் இடைவெளியில் செம்போத்தின் குரல் வேலியிலிருந்து வரும். இன்று அதே பாட்டு ஒலிபெருக்கியில் நாலரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. பாட்டு நிற்கும்போது வெயில் ஏறியிருக்கும், பறவைகள் இரைக்குப் போயிருக்கும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் மாணிக்கவாசகர் கேட்டது நமக்கும் கேட்கும்.

குரங்குகளையும் சொல்ல வேண்டும். 1896இல் இங்கே வந்து 1950இல் மறையும்வரை இந்த மலையை விட்டு நீங்காத ரமணர், குரங்குக் கூட்டங்களின் அரசியலையே அறிந்திருந்தார்: எந்தக் கூட்டத்துக்கு எது எல்லை, எந்தக் குரங்கு தலைவன் ஆனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆசிரமத்தில் பசு லட்சுமிக்கு மட்டுமல்ல, மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூடச் சமாதி இருக்கிறது. இன்று கிரிவலப் பாதையில் நாம் குரங்குக்குத் தருவது பிஸ்கட்டும் அதன் உறையும். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் இந்த 14 கிலோமீட்டரை நடந்து முடித்த மறுநாள் காலையில், சாலையோரத்தில் குட்டியை வயிற்றில் சுமந்தபடி பிளாஸ்டிக் நக்கும் குரங்கைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை. கொடுப்பவர்கள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் எடுத்துச் சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

மலையின் சத்தங்களில் 2024 டிசம்பர் 1ஆம் தேதியின் சத்தமும் இனி உண்டு. ஃபெஞ்சல் புயல் மழையில் நகரத்துப் பக்கம் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் புதைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த மாதத் தீபத்துக்கு மலையேற மக்களை விடவில்லை. அதற்குப் பிறகு மழையை வரவேற்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த வீடு முன்னால் வந்து நிற்கிறது. அதை விலக்கிவிட்டு எழுத நான் விரும்பவில்லை. மழையும் அந்த வீடும் ஒரே கவிதைக்குள் இருக்கட்டும்.

அன்று ஏராளமாக இருந்து இன்று அருகி வருவதில் என்னை அதிகம் வருத்துவது ஆள்காட்டிக்குருவி. மலை பச்சையானதால் அதற்கு லாபமில்லை. அதற்கு வேண்டியது வெட்டவெளி. சரளைக் கற்களுக்கு நடுவே சின்னக் குழியில் கல் நிறத்திலேயே மூன்று நான்கு முட்டை இடும். வெயில் கடுத்தால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். மாடு மேய்த்த எங்களுக்கு அது தலைக்குமேல் கத்திச் சுற்றினாலே போதும், காலைப் பார்த்து வைப்போம். ஊரைச் சுற்றி அந்தத் தரைகள் எல்லாம் இன்று கல் நட்ட மனைகள். அவற்றைச் சும்மா கிடக்கிற இடம் என்கிறார்கள். ஆள்காட்டி அங்கேதான் குடும்பம் நடத்துகிறது.

மனை வாங்கியவர்களிடம் நான் நேரில் போய்க் கேட்பது ஒன்றுதான். பங்குனியிலிருந்து ஆடிவரை தரையைச் சமன்படுத்தும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். குருவி தலைக்குமேல் கத்தினால் அந்த மூலையை மட்டும் விட்டுவையுங்கள். அடைகாப்பது நான்கு வாரம்தான். பொரிந்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் நடந்து போய்விடும். அதற்கப்புறம் ஜேசிபி வரட்டும்.