சகலன் முறை சொல்லிக் கரையேறுங்க

வாங்க மருமகன், இந்தத் திண்ணையில இருங்க. மாவனல்லை மலையை விட்டுட்டுக் கற்பிட்டி மணலுக்கு மாப்பிள்ளையா வந்திருக்கீங்க. உங்கட ஊர் மகா ஓயாத் தண்ணி கொச்சிக்கடைப் பக்கம் எங்கட மாவட்டத்து எல்லையிலதான் கடல்ல விழுது. அதால நீங்க முழுசா அந்நியரில்ல, உங்கட ஊர்த் தண்ணி முந்தியே வந்திட்டு. சீதனம், வீடு, நகை எல்லாம் பெரியாக்கள் பேசி முடிச்சிட்டாங்க. ஊரைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாய் திறந்திருக்க மாட்டாங்க. திறந்திருந்தா நீங்க வந்திருப்பீங்களா?

இங்க பிழைக்கிறதுக்குக் கடல் தெரியத் தேவையில்ல, தோட்டம் தெரியத் தேவையில்ல. கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரிஞ்சாப் போதும். சுபஹு தொழுதிட்டுப் பள்ளிவாசல்ல இருந்து வெளியில வந்த உடனே முதல் ஆள் கேப்பார்: "எங்க போறீங்க?" நீங்க வீட்டுக்குத்தான் போறீங்க எண்டு அவருக்கும் தெரியும். எண்டாலும் கேப்பார். "சும்மா" எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க. சும்மா போற மனிசனை இந்த ஊர் நம்பாது. மருமகனுக்கும் மாமிக்கும் மனத்தாங்கல், ஆள் வாடகைக்கு வீடு பாத்துத் திரியிறார் எண்டு, நீங்க தேத்தண்ணிக் கடையைத் தாண்ட முந்தியே கதை வடையோட சேர்ந்து மேசைக்கு மேசை போயிடும். அதுக்காக உண்மையையும் முழுசாச் சொல்லக்கூடாது. "ஆஸ்பத்திரிக்கு" எண்டு சொன்னீங்களோ, நீங்க அங்க நம்பர் எடுத்து வரிசையில நிக்கிற நேரம், இங்க வீட்டு முத்தத்தில பத்துப் பொம்புளைகள் அழுறதுக்குத் தயாரா இருப்பாங்க. "இந்தா, இந்தப் பக்கம்" எண்டு சொல்லுங்க. கையைக் கொஞ்சம் அசைச்சுக் காட்டுங்க. எந்தப் பக்கம் எண்டு விளங்கக்கூடாது, ஆனா மரியாதை குறையக்கூடாது.

மீன் வாங்கிக்கொண்டு வாற நாள் இன்னும் கவனம். பேக்கை விரிச்சே பாப்பாங்க. "என்ன விலைக்கு எடுத்தீங்க?" குடுத்த விலையைச் சொன்னா, "ஐயோ, உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்" எண்டு தலையில கை வைப்பாங்க. குறைச்சுச் சொன்னா, "நாளைக்கு எனக்கும் ரெண்டு கிலோ எடுத்துக்கொண்டு வாங்க" எண்டு காசு தராமப் போயிடுவாங்க. நான் சொல்றது வேற: "சம்மாட்டியார் சும்மா தந்தார்." அதோட கேட்டவர் என்னை விட்டுட்டுச் சம்மாட்டியாரைத் தேடிக் கரைவலைப் பக்கம் போயிடுவார். சம்மாட்டியார் என்னோட இப்ப கதைக்கிறதில்ல, அது வேற விசயம்.

இது இண்டைக்கு நேத்து வந்த பழக்கம் எண்டு நினைக்காதீங்க. 1344 இல இப்னு பதூதா மாலைதீவில இருந்து தென்னிந்தியாவில மாபர் நாட்டுக்குப் போற வழியில காத்து மாறி இலங்கைக் கரைக்கு வந்தார். அவர் பத்தாலா எண்டு எழுதி வச்ச ஊர் நம்மட புத்தளம்தான் எண்டு படிச்ச ஆக்கள் சொல்றாங்க. கப்பல்காரனுக்கு இறங்கப் பயம். இவர் துணிஞ்சு இறங்கினார். கரையில நிண்டவங்க கேட்ட முதல் கேள்வி, "நீங்க யாரு?" மனிசன் நான் மொரோக்கோ ஆலிம், டில்லியில காழியா இருந்தவன் எண்டு அளக்கல்ல. மாபர் சுல்தானுக்குச் சொந்தக்காரன், சிநேகிதன், அவரைத்தான் பாக்கப் போறன், கப்பல்ல இருக்கிறது அவருக்குக் கொண்டுபோற சாமான் எண்டார். பொய்யுமில்ல. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியைக் கலியாணம் முடிச்ச சகலன்மார். அவ்வளவுதான், கதவு திறந்திட்டு. அங்கத்த ராசா ஆரியச் சக்கரவர்த்தி கூப்பிட்டு இருத்திப் பேசினார், முத்துக்களைக் காட்டினார். பாவாதமலைக்குப் போகணும் எண்டு இவர் கேட்டதுக்குப் பல்லக்குக் குடுத்து, நாலு யோகிமார், மூண்டு பிராமணர், அரண்மனை ஆக்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினஞ்சு பேர் எண்டு சேர்த்து அனுப்பினார். வந்திறங்கின ஒரு ஆளுக்கு!

அதால, கம்பஸ் முடிச்ச கதையை இங்க அவிழ்க்காதீங்க. பட்டத்துக்கு இந்தத் தெருவில ஒருத்தரும் பிளேன்டீ கூட ஊத்த மாட்டாங்க. "இன்னார் வீட்டு மருமகன்" எண்டு சொல்லிப் பாருங்க, கடனுக்குப் பணிஸும் சேர்த்து வரும். என்ட பேரில கடன் சொல்ல வேணாம், மாமிட பேரைச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கடையில கணக்குக் கொஞ்சம் நீளம்.

விடுப்புக் கேக்கிறது சின்ன வேலை எண்டும் நினைக்காதீங்க. 1807 இல இந்தக் கற்பிட்டியில பிறந்த சைமன் காசிச் செட்டி 1834 இல இலங்கை முழுக்க எந்த ஊர் எங்க இருக்கு, என்ன நிலைமை எண்டு அகரவரிசையில புத்தகம் போட்டார். அதுவும் காணாம, தமிழ்ப் புலவர்மார் ஒவ்வொருத்தரும் யாரு, எங்க இருந்தாங்க, என்ன பாடினாங்க எண்டு விசாரிச்சு 1859 இல 'தமிழ் புளூட்டார்க்' எழுதினார். அவர் இங்கிலீசில எழுதினதால ஆராய்ச்சி. நாங்க தேத்தண்ணிக் கடையில தமிழில செய்யிறதால விடுப்பு.

ஒரு தடவை மட்டும் இந்த ஊர் கேள்வியைக் குறைச்சது, மருமகன். 1990 ஒக்டோபர்ல வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டின நேரம். உடுத்த உடுப்போட ஆயிரக்கணக்கில வந்தாங்க, கடல் வழியாவும் வந்தாங்க. அண்டைக்கு "நீங்க யாரு, எங்க போறீங்க" எண்டதெல்லாம் பிறகு. "சாப்பிட்டீங்களா"தான் முதல். பிறகு கிணத்துத் தண்ணி, பள்ளிக்கூடத்தில இடம், அரசாங்க வேலை எண்டு முணுமுணுப்பும் வந்தது, அதை நான் மறைக்க மாட்டன். இப்ப அவங்கட பேரப்பிள்ளைகள் சைக்கிளை நிப்பாட்டி என்னட்டயே கேக்குதுகள், "அப்பா, எங்க போறீங்க?" இனி அவங்களை வந்த ஆக்கள் எண்டு ஆரும் சொல்லேலாது.

ஆளைத்தான் இப்படி மறிச்சுக் கேக்கிறம். பெரிய சாமான்கள் வந்தப்ப எங்கட கேள்வி எடுபடல்ல. நுரைச்சோலை அனல் மின்நிலையம் 2006 இல கட்டத் தொடங்கினது. 2011 இல முதல் இயந்திரம், 2014 இல மூண்டும் சேர்த்து 900 மெகாவாட். தலவில அன்னம்மாள் கோயிலை நினைச்சு கத்தோலிக்கத் திருச்சபையே எதிர்ப்புச் சொன்னது. அந்தத் திருவிழாவுக்கு எல்லா மதத்து ஆக்களும் போய் வாறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். என்ன கொண்டு வாறீங்க எண்டு கேட்டதுக்கெல்லாம் ஒரே மறுமொழி: "அபிவிருத்தி." நான் படிச்சுத் தந்த "இந்தப் பக்கம்" இருக்கே, அதைவிடக் கெட்டிக்கார மறுமொழி அது. கையைக்கூட அசைக்கத் தேவையில்ல. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கும் ஒரு பலவீனம் இருக்கு. 2025 பெப்ரவரியில பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சது எண்டு மந்திரி சொன்னார். நாடே இருட்டு. குரங்கு பாய்ஞ்சது பாணந்துறையில, படுத்தது நுரைச்சோலை, எழும்பி நிக்கச் சில நாள் எடுத்தது. எங்கட ஊர்க் கழுதை ஒண்டு அப்படிச் செஞ்சிருந்தா ஆணைக்குழு வச்சிருப்பாங்க.

பிறகு குப்பை. 2017 ஏப்ரல்ல மீதொட்டமுல்லயில குப்பை மலை சரிஞ்சு முப்பது பேருக்கு மேல மௌத்தானாங்க. அது சிரிக்கிற விசயமில்ல. ஆனா கொழும்புக் குப்பையை நூத்தெழுபது கிலோமீற்றர் தள்ளி, வில்பத்துக் காட்டுக்குப் பக்கத்தில அருவக்காட்டில, சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டின குழியில போடுறது எண்டு முடிவெடுத்தாங்களே, அந்த மூளையைத்தான் நான் கேக்கிறன். 2018 கடைசியில இருந்து புத்தளத்தில மாசக்கணக்கா ஆர்ப்பாட்டம், பொம்புளைகளும் பிள்ளைகளுமா ரோட்டில. 2019 ஓகஸ்ட்ல லொறி வந்தே சேர்ந்திட்டு. அந்தக் குப்பையை மறிச்சு "நீ ஆருட சகலன்?" எண்டு கேட்டிருந்தா அதுவும் நல்ல மறுமொழி சொல்லியிருக்கும்: கொழும்பில பெரிய பெரிய வீட்டுச் சொந்தம்.

உப்பைப் பத்திக் கேக்காதீங்க. பாலாவி உப்பளத்தைக் காட்டி உங்கட வாப்பாவிட்ட நான் பெருமையடிச்ச மனிசன். விடாத மழையில உப்பு விளையாம, 2025 இல இந்தியாவில இருந்து கப்பல்ல உப்பு வந்தது. அவர் போன் எடுத்து, "சம்பந்தி, ரெண்டு பக்கற் அனுப்பவா?" எண்டு கேட்டார். லைன் தெளிவில்ல எண்டு வச்சிட்டன்.

வெள்ளைக்காரங்களைக் கண்டா நிண்டு பாக்காதீங்க, அது வந்தவங்க செய்யிற வேலை. கச்சான் காத்துக்குப் பயந்து எங்கட ஆக்கள் போட்டைக் கரையில ஏத்தி வைக்கிற மாசங்கள்ல, இவங்க காசு குடுத்துப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அதே காத்தில இழுபடுவாங்க. கடல் படுத்தாப் பிறகு, நவம்பர்ல இருந்து, ஓங்கில் பாக்க வருவாங்க. நம்மட பொடியன்மார் கூட்டிக்கொண்டு போவாங்க. ஓங்கில் வராத நாளும் இருக்கு. அண்டைக்குப் பொடியன் "இந்தா, இந்தப் பக்கம்" எண்டு கையை அசைப்பான். நான்தான் படிச்சுக் குடுத்தது.

கழுதை நடு ரோட்டில படுத்திருந்தா ஹோர்ன் அடிக்காதீங்க. அதுகளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதில்ல. அந்தச் சுகம் அதுகளுக்கு மட்டும்தான்.

இனி முக்கியமான பாடம். வாற ஞாயிறு பக்கத்து வீட்டுக் கலியாணம், சஹன் சாப்பாடு. ஆறு பேர் ஒரு சஹன். அவசரப்பட்டுக் கண்ட இடத்தில இருந்திடாதீங்க, முதல்ல நிண்டு ஆக்களைப் பாருங்க. சீனி வருத்தக்காரர் ஒருத்தர் இருக்கிற சஹன் நல்லம், வட்டிலப்பம் மிஞ்சும். ரெண்டு பேர் இருந்தா இன்னும் நல்லம், ஆனா அவங்களுக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு கூட்டம் அடிபடும், முந்திக்கொள்ளணும். கோழியில நீங்களாக் கை வைக்கக்கூடாது, புது மாப்பிள்ளை வெக்கப்படணும். ஓரத்துச் சோத்தைக் கிண்டிக்கொண்டு குனிஞ்சு இருங்க. பக்கத்தில இருக்கிற பெரியவர் மனசு கேக்காமப் பெரிய துண்டைப் பிச்சு உங்களுக்கு முன்னால வைப்பார். "வேணாம் மாமா" எண்டு ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டாம் தடவை சொன்னா எடுத்திடுவார், இங்க பசியுள்ள ஆக்கள் கனபேர். அந்த நேரம்தான் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் வெளிநாடு போகல்ல, மாமி எப்படி எண்டு கேள்வி வரும். கேள்வி வாயைத் திறக்கிற கணக்கில நீங்களும் வாயைத் திறந்து ஒரு கவளத்தை வச்சிடுங்க. வாயில சோறு இருக்கிறவனிட்ட மறுமொழி கேக்க இந்த ஊரிலயும் மனம் வராது. ஆனா கவளத்தைக் கொஞ்சம் சின்னனாப் பிடிங்க, கேள்வி கனக்க வரும்.

சரி, நான் எழும்பப் போறன். இல்ல, இன்னொரு விசயம். நான் கேக்கல்ல, உங்கட மாமி கேக்கச் சொன்னா. நீங்க பூட்டுப் போட்டுக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழ வச்ச அந்த நீல பேக் இருக்கே, அதுக்குள்ள என்ன? அவ கூட்டுறதுக்காகத்தான் தூக்கினாவாம். பாரமா இருந்ததாம்.