டடாங்!

அனுப்புநர்: டி.வி. முன்னால் தினம் மூன்று மணி நேரம் உட்காரும் ஓய்வூதியர், மாட வீதிப் பக்கம், மயிலாப்பூர்.

பெறுநர்: பின்னணி இசைப் பிரிவுத் தலைவர் அவர்கள், 24 மணி நேரச் செய்தி சேனல், சென்னை.

பார்வை: தங்கள் 6.1.2025 தேதியிட்ட இடி முழக்கம்.

ஐயா,

மார்கழி முழுக்க சபா சபாவாக ஏறி இறங்கியவன் நான். கேன்டீனுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் சொல்வார்கள், அது கிடக்கட்டும். சீசனில் எங்கேயும் கேட்காத ஒரு தனி ஆவர்த்தனத்தை ஜனவரி 6 அன்று தங்கள் சேனலில் கேட்டேன்.

பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. வைரஸ் என்பது சேதி. டடாங். திரை முழுக்கச் சிவப்பு. டடாங். எந்த ஊர் என்றே தெரியாத ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஸ்ட்ரெச்சர் பதினொரு தடவை போயிற்று. எண்ணினேன், ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. ராத்திரி, தமிழ்நாட்டிலும் இரண்டு பேர், சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்றதும் குறைப்புக்குள் இறங்கி, கோர்வை வைத்து முடித்தீர்கள் பாருங்கள், என் மனைவி தொடையில் தாளம் போட்டே விட்டாள். அன்றைக்கு சென்செக்ஸ் 1,258 புள்ளி சரிந்தது. அதற்கு வேறு காரணங்களும் சொன்னார்கள். ஆனாலும், சளி கட்டியது குழந்தைக்கு, மூச்சு வாங்கியது பங்குச் சந்தைக்கு.

'புதிய வைரஸ்' என்று போட்டிருந்தீர்கள். 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்த கிருமி ஐயா அது. இருபத்து நான்கு வயசுப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்திருக்கிறீர்கள். இது புதிதில்லை, தமிழ்நாட்டு நோயாளிகள் இருவரும் நலம், பெரும்பாலும் தண்ணீரும் ஓய்வுமே போதும் என்று அரசாங்கம் அறிக்கை விட்டது. தாங்களும் வாசித்தீர்கள். இசையில்லாமல் வாசித்ததால் எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை.

காதில் விழுந்த டடாங்கின் பலனைச் சொல்கிறேன். அடையாறு சம்பந்தி போன் போட்டு, பொங்கலுக்குக் குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்றார். எங்கள் மேல் வீட்டு மாமி விடிகாலையில் கோலம் போட்டு வருஷா வருஷம் மார்கழியில் இருமுகிறவர். இந்த வருஷம் இருமியதும் லிஃப்டே காலியாயிற்று. இப்போது இருமல் நின்றுவிட்டது. ஆனாலும் லிஃப்ட் வாசலில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் ஏறுகிறார்.

இரண்டே நாளில் அதே சேனல், அதே நிருபர், ரங்கநாதன் தெருவில் நிற்கிறார். முகக்கவசம் இல்லை. தோளோடு தோள் உரசும் கூட்டத்தின் நடுவே, 'களைகட்டுகிறது பொங்கல் விற்பனை' என்கிறார். பின்னணியில் நாதஸ்வரம். வைரஸுக்கு ஜவுளி எடுக்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

பயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2009 ஆகஸ்டில் பயப்படக் காரணம் இருந்தது. 3ஆம் தேதி புனேயில் ஒரு பள்ளி மாணவி பன்றிக் காய்ச்சலில் இறந்தாள். அடுத்த வாரமே சென்னையில் நான்கு வயதுக் குழந்தை போயிற்று. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தொண்டைச் சளியைப் பரிசோதித்தபடி இருந்தார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும். அந்த நேரத்திலும் நாங்கள் செய்தது என்ன? ஜென்மத்தில் பன்றிக்கறி தொடாத மயிலாப்பூர், இனிமேல் பன்றிக்கறி தொடுவதில்லை என்று சபதம் எடுத்தது. கறியால் அது பரவாது என்று சொன்ன டாக்டருக்கு ஒரு டடாங் கிடைக்கவில்லை. 2010 ஆகஸ்ட் 10 அன்று அந்தப் பெருந்தொற்று முடிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது தாங்கள் மங்களம் பாடியதாகவும் நினைவில்லை. கச்சேரியைப் பாதியில் விட்டு எழுந்து போவது நாங்கள் செய்வது, வித்வான் செய்யலாமா?

அந்தப் பன்றிக் காய்ச்சல் கிருமி, எச்1என்1, எங்கும் போய்விடவும் இல்லை. சாதாரண ஃப்ளூவாக மாறி, மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவுக்கும் வருகிறது. என் வயதுக்காரர்களை அது ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் அந்த ஆபத்து குறையும். இதை எங்கள் டாக்டர்தான் சொன்னார். தங்களிடம் கேட்டதில்லை. 2023 மார்ச் 10 அன்று, எச்3என்2 ஃப்ளூ வந்த சமயம், தமிழகம் முழுக்க 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் எது என்று அறிய டி.வி. போட்டேன். வைரஸ் பச்சையாகச் சுழன்றது, முள் முள்ளாக. முகாம் விலாசம் வரவே இல்லை.

ஆகவே ஒரு சின்ன விண்ணப்பம். தங்கள் டடாங்குகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அந்த ஊசிக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று மிச்சமிருந்தால், காய்ச்சலோடு சபாவுக்கு வந்து என் பின் வரிசையில் உட்கார்ந்து ஆலாபனை நெடுக இருமிய பெரியவருக்கு, வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ரசிகன்.

பி.கு.: எழுதும்போது நான்கு தடவை தும்மினேன். உள்ளே மோர்மிளகாய் வறுக்கிறார்கள். கேமரா அனுப்ப வேண்டாம்.