நிற்கும் பொம்மையும் படுத்த பொம்மையும்: போளூர் வட்டார ஆய்வு

கொல்லையில் நிற்கும் பொம்மை பறவைகளை விரட்டுகிறது என்பது வேளாண் உலகில் நெடுங்காலமாக நிலவும் கருதுகோள். பறவைகள் இதை ஏற்றுக்கொண்டதாகச் சான்று இல்லை. போளூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைகளில் வைக்கோல் திணித்த பழைய சட்டை, குறுக்கே ஒரு கழி, தலைக்குக் கவிழ்த்த சட்டி, சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி என நிற்கும் உருவத்தைக் காகம் முதல் நாள் தள்ளி நின்று பார்க்கிறது. சில நாளில் அதன் தோளிலேயே உட்கார்ந்து, எந்தப் பாத்தியில் தொடங்கலாம் என்று யோசிக்கிறது. அசையாத பொருளுக்குப் பறவைகள் சீக்கிரம் பழகிவிடும் என்பதைப் பயிர்ப் பாதுகாப்பு அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பொம்மைதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உடை பற்றி ஒரு குறிப்பு. ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரமாக இருந்தும் ஜரிகை போட்ட பொம்மை எந்தக் கொல்லையிலும் அகப்படவில்லை. பழைய நைலான் புடவைகள் மட்டும் வரப்போரம் வேலியாக நீள்கின்றன, அவை காட்டுப்பன்றிக்கு. மயிலுக்கு எதுவும் செல்லாது. 1963-இல் தேசியப் பறவை ஆனதும், 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பக்கபலமாக நிற்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது என்றே அதன் நடையைப் பார்த்தால் தோன்றுகிறது.

இனி வரலாறு. சங்க காலத்தில் இந்த வேலையைப் பொம்மைக்குக் கொடுக்கவில்லை, தலைவிக்குக் கொடுத்தார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தட்டை, குளிர், தழல் என்ற கருவிகள் இருந்ததைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. கிளி போயிற்றோ இல்லையோ, தலைவன் வந்து சேர்ந்தான். விரட்ட வைத்த ஏற்பாடு ஆளை வரவழைத்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. அண்மைச் சான்றுகள் வெளிநாட்டில் உள்ளன. இங்கிலாந்தின் கெட்டில்வெல் கிராமத்தில் 1994 முதல் பொம்மைத் திருவிழா நடக்கிறது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஜப்பானின் நகோரோவில் அயானோ சுகிமி என்ற பெண்மணி பறவை ஓட்டத் தன் தகப்பனார் சாயலில் ஒரு பொம்மை செய்தார். இன்று அங்கே மனிதரைவிடப் பொம்மைகள் பல மடங்கு அதிகம், அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு விழா இல்லையே என்று வருந்துவோர், சித்திரை வைகாசியில் போளூரைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய் வரலாம். அக்னி வசந்த விழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. முடிவில் படுகளம். கோயில் மைதானத்தில் களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த வாக்கில் செய்கிறார்கள். முறுக்கு மீசை, உருட்டிய விழி, வண்ணம் பூசிய மார்பு, தொடையில் ஒளித்து வைத்த செந்நீர். கால்மாட்டில் நிற்பவருக்குத் தலை தெரியாத நீளம். சட்டியையும் சுண்ணாம்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கொல்லைப் பொம்மையின் எல்லா இலக்கணமும் இதற்குப் பொருந்துகிறது. பயமுறுத்தும் தகுதி ஒருபடி கூடவே உண்டு.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஆட்டோவில் அத்தை, மடியில் பேத்தி, முன்னால் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டு பெரியப்பா. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகூட லீவு போட்டு வந்திருக்கிறான். வந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது: முகத்தருகே நிற்போர், தொடையருகே நிற்போர். அனுபவசாலிகள் தொடைப்பக்கமே நிற்கிறார்கள். வீமன் கதாயுதத்தோடு துரத்த, துரியோதனன் வேஷக்காரர் மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். அடி விழுந்ததும் செந்நீர் சிதறுகிறது, பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். பேத்தி வீறிடுகிறாள். “அழாதடி, அவன் மண்ணு” என்கிறாள் அத்தை. சொல்லிவிட்டு அந்த மண்ணையே அள்ள முந்தானையை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். வீட்டில் நெல் வைக்கும் இடத்தில் அதைப் போட்டு வைப்போர் உண்டு. ஆக, நூறு வீட்டுக்குப் பிரிந்துபோய்த் தானியம் காக்கும் வேலையில் துரியோதனன் சேர்ந்துவிடுகிறான். சம்பளம் இல்லை.

ஒரு மறுப்பு எழலாம். போளூருக்குப் பக்கத்துத் திருமலையில் நேமிநாதர் 16 மீட்டர் உயரத்தில் பாறையில் நின்றபடியே ஆட்களை வரவழைக்கிறாரே? அவரை யாரையும் விரட்டுவதற்காகச் செதுக்கவில்லை என்பதால் இந்த ஆய்வின் எல்லைக்குள் அவர் வரமாட்டார்.

முடிவு இதுதான்: பயமுறுத்தும் பொம்மை நின்றால் காகம் வரும், படுத்தால் ஊரே வரும். எனவே மல்லாட்டை போட்டிருக்கும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். காற்றில் பொம்மை சாய்ந்தால் அன்றைக்கே தூக்கி நிறுத்திவிடுங்கள். மயில் குடும்பத்தோடு கிளம்பிவிடப் போகிறது.