பேராண்டிக்கு ஒரு யோசனை

ஏலே பேராண்டி, நீ சேக்குத ஆட்டக்காரன் பட அட்டையை எல்லாம் தலைமாட்டுல வச்சுத் தூங்குதியாமே, உங்க ஆச்சி சொன்னா. நல்ல பிள்ளை. ஆனா விலை ஏறணும்னா நீ பத்திரமா வச்சா மட்டும் போதாதுலே. மத்த பயலுவகிட்ட இருக்கது பூராவும் நாசமாப் போகணும். அதுக்கு ஏதும் ஏற்பாடு பண்ணிருக்கியா?

சிரிக்காத. 1952-ல அமெரிக்காவுல டாப்ஸ்னு ஒரு பபிள்கம் கம்பெனி, பேஸ்பால்காரன் படம் போட்ட அட்டையை அஞ்சு சென்ட் பாக்கெட்டுல வச்சு வித்துச்சு. கடைசித் தவணை அட்டை கடைக்கு வரும்போது ஆட்டமே முடியப் போவுது, சீந்த ஆளில்ல. மிஞ்சினது கிட்டங்கியில கிடந்து இடத்தை அடைச்சுது. 1960-ல சை பெர்கர்னு அந்தக் கம்பெனிக்காரரே அதைப் படகுல ஏத்திக் கொண்டு போயி அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டு வந்தாரு. மிக்கி மேன்டில்ங்கிற ஆட்டக்காரன் அட்டையும் அதுல போச்சு. வீட்டுல கிடந்ததை அம்மாமாரு பாத்துக்கிட்டாளுவ. பையன் வளந்து வெளியூர் போனதும் பெட்டியோட குப்பையில போட்ட மகராசிகள். அத்தனைக்கும் தப்பி முனை மழுங்காமக் கிடந்த ஒரு மேன்டில் அட்டை 2022-ல ஏலம் போச்சு, 1.26 கோடி டாலருக்கு. நம்ம பணத்துல நூறு கோடி ரூவா!

பழைய அட்டைக்கு விலை ஏறுத சேதியைப் படிச்சுத்தான், அதுக்கு முன்னாலயே, 1980-கள் கடைசியில ஊரே புத்திசாலி ஆயிட்டு. ஆளாளுக்குப் பெட்டி பெட்டியா வாங்கி, பிரிக்காம, பிளாஸ்டிக் உறையில போட்டு, மகன் படிப்புக்கு ஆகும்னு பரண்ல ஏத்தினான். கம்பெனிக்காரனும் சளைக்கல, கணக்கு வழக்கில்லாம அச்சடிச்சுத் தள்ளினான். ஒருத்தனும் தூக்கிப் போடல. அதனால அதுல முக்காவாசியை இன்னைக்குச் சும்மா குடுத்தாலும் வாங்க நாதியில்ல. உன்னைய மாதிரி பொறுப்பான பிள்ளைகள் ஒரு தலைமுறையே சேந்து செஞ்ச வேலை அது.

அடுத்தது மார்க்கு. பிஎஸ்ஏன்னு ஒரு கம்பெனி 1991-லேருந்து இதுக்குன்னே இருக்கு. மாட்டுத் தரகன் பல்லைப் பிடிச்சுப் பாக்குத கணக்கா முனை, ஓரம், படம் நடுவுல இருக்கா, கீறல் உண்டான்னு பாத்து, ஒண்ணுலேருந்து பத்து வரை மார்க்குப் போட்டு, பெட்டிக்குள்ள வச்சு அடைச்சிருவான். ஒன்பதுக்கும் பத்துக்கும் நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விலையில தெரியும், பல மடங்கு. பிள்ளைக விளையாட அடிச்ச அட்டையில, எந்தப் பிள்ளையும் தொடாததுக்குத்தான் முழு மார்க்கு. அட்டைக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் மார்க்குப் போட்டவனுக்குக் கூலி மொதல்லயே வந்துரும். தொழில்னா அதுலே!

மார்க்கு வேணும்னு கத்தரிக்கோலை எடுத்துறாத. ஹோனஸ் வாக்னர்னு ஒரு ஆட்டக்காரன், சிகரெட் பாக்கெட்டுல வந்த அட்டை, 1909-ல போட்டது. அவரே வேண்டாம்னு நிறுத்தினதால உலகத்துல மிஞ்சினது கொஞ்சம்தான். அதுல ஒண்ணு எட்டு மார்க்கு வாங்கி, 2007-ல 28 லட்சம் டாலருக்குப் போச்சு. 2013-ல பில் மாஸ்ட்ரோங்கிற ஏலக்கடைக்காரர் கோர்ட்டுல நின்னு, அதோட ஓரத்தை நான்தான் வெட்டினேன்னு ஒத்துக்கிட்டாரு. அவரு ஜெயிலுக்குப் போனது ஏலத்துல பண்ணின மோசடிக்கு. விலை ஏத்திவிட அங்க பொய்யாக் கேள்வி கேட்டிருக்காங்க.

அதனால சொல்லுதேன். உன் கூட்டாளி எவனாவது நாலு பேர் முன்னால, "இந்த அட்டைக்கு நான் அஞ்சாயிரம் தாரேன்"னா, உடனே பூரிச்சுப் போயிராத. பணத்தை எடுலேன்னு கேளு. எடுக்கலைன்னா, மெதுவா அவன் வீட்டுக்குப் போயி, அதே அட்டையை எத்தனை வச்சிருக்கான்னு பாத்துட்டு வா.