சிற்பியின் விரலை ஆட்டுவித்தது எது?

கேள்வி: எங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண்களைச் செதுக்கிய சிற்பியின் விரல்களை மூளையின் எந்த இடம் ஆட்டுவித்திருக்கும்? மண்டையைத் திறக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், தாடிக்கொம்பு

பதில்: உளி பிடித்த கை இடது என்றால் வலப்பக்க மூளை, சுத்தியல் பிடித்த வலது கைக்கு இடப்பக்க மூளை. ஒரே சிலைக்கு இரு பக்கமும் கூலிவேலை!

மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, மண்டை திறந்த நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை ஆட்டுவிக்கிறது என்ற வரைபடத்தைத் தயாரித்தார். கைக்கும் உதட்டுக்கும் விசாலமான இடம், முதுகுக்குக் கொஞ்சம்தான்.

இன்று கத்தி தேவையில்லை. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு, தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் கணநேர மின்சாரத்தைப் பாய்ச்சியது. அதில் எழுந்த காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டியது. சுமார் 20 மில்லிசெகண்டில் எதிர்ப்பக்க விரல் துடித்தது. சுருளைச் சற்றுச் சற்றாக நகர்த்தி, எங்கே வைத்தால் எந்தத் தசை துடிக்கிறது என்று குறித்தால் வரைபடம் தயார். மூளைக் கட்டியை அகற்றும் முன், எந்தப் பகுதியில் கத்தி படக்கூடாது என்று மருத்துவருக்கு இது காட்டும்.

இந்த வரைபடம் மாறவும் செய்யும். பியானோ தெரியாதவர்கள் தினமும் இரண்டு மணிநேரம் ஐந்து நாள் பழகியபோது, விரல்களுக்கான பகுதி விரிந்ததை 1995இல் பாஸ்குவல்-லியோன் குழு இதே காந்தத்தால் அளந்தது. ஆயுள் முழுக்க உளி பிடித்த தாடிக்கொம்புச் சிற்பிக்கு அந்த இடம் எத்தனை விரிந்திருக்கும்!

தலைக்குள் உலோகக் கிளிப்போ, காதுக்குள் கேட்க உதவும் காக்ளியர் கருவியோ வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தத்தின் பக்கம் போகக்கூடாது.