வேர்டு, மீனிங், சென்டென்ஸ்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஒரு பாஷையாக இருந்ததில்லை. ஒரு நோட்டாக இருந்தது. நாற்பது பக்க நோட்டின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘வேர்டு’, வலப்பக்கம் ‘மீனிங்’ என்று தலைப்பு எழுதிவிட்டால் அந்த வருஷத்து ஆங்கிலத்தில் பாதி முடிந்தது என்று அர்த்தம். தஞ்சாவூர் ஜில்லாவில், தமிழ் மீடியத்தில், 1970களின் கடைசியில் இதுதான் நடைமுறை. வகுப்பில் ஒருவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் ‘பெனவலன்ட்’ என்றால் ‘பரோபகார சிந்தையுள்ள’ என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பரோபகார சிந்தை என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம்.

சிக்கலெல்லாம் சென்டென்ஸில்தான். பரீட்சையில் ஐந்து வார்த்தைகளைக் கொடுத்து, ‘சொந்த வாக்கியத்தில் அமைக்கவும்’ என்பார்கள். சொந்த வாக்கியம்! எங்கள் வீட்டில் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள், அதுவும் அப்பாவுடையது. ஆனாலும் எங்களுக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவர்கள் இதற்கு ஒரு சர்வரோக நிவாரணியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ‘ஐ டோன்ட் நோ த மீனிங் ஆஃப்’ என்று எழுதி, கொடுத்த வார்த்தையைக் கடைசியில் ஒட்டிவிட வேண்டியது. எந்த வார்த்தை வந்தாலும் பொருந்தும். எங்கள் ஆங்கில வாத்தியார் இதற்கு அரை மார்க் போடுவார். “இலக்கணமும் சரியா இருக்கு, சொன்ன விஷயமும் நிஜமா இருக்கு. எப்படிடா முட்டை போடறது?” என்பார்.

வீட்டில் லிஃப்கோ டிக்‌ஷனரி இருந்தது. பஞ்சாங்கமும் அதுவும் ஒரே பலகையில் இருக்கும். இரண்டையும் எடுக்கும் முன் கை கழுவ வேண்டும். இது போதாதென்று அப்பா ஒரு வைத்தியம் சொல்வார்: “ஹிண்டு எடிட்டோரியல் படிடா, இங்கிலீஷ் தானா வரும்.” அந்தக் காலத்துத் தமிழ்நாட்டு அப்பாக்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்களோ என்னவோ, எல்லா வீட்டிலும் இதே வாக்கியம். நான் படித்தேன். இங்கிலீஷ் வரவில்லை. எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமான பிறகு அது எனக்குப் பல தொல்லைகளைக் கொடுத்தது.

உண்மையான பாடசாலை பழைய பேப்பர் கடை. எடைக்குப் போட்ட ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ்கள் அங்கே கிடைக்கும். அதில் வரும் வார்த்தைப் பரீட்சையை 1945இல் அமெரிக்காவில் ஆரம்பித்தவர் வில்ஃப்ரட் ஃபங்க். அகராதி அச்சிட்ட குடும்பத்துக்காரர். இந்தியப் பதிப்பு 1954இல் வந்தது; எங்கள் தெருவுக்கு அது எடைக்கடை வழியாக வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நான்கு விடைகள். சரியான விடை அடுத்த பக்கம். நாங்கள் அடுத்த பக்கத்துக்குப் போகவே வேண்டியிருக்காது. யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரர் பென்சிலில் டிக் அடித்து வைத்திருப்பார். கடைக்காரருக்கே தெரியாத அந்த மனிதரைக் குருவாக ஏற்று, அவர் டிக் அடித்ததையெல்லாம் மனப்பாடம் செய்தோம். அவர் பாதிக்கு மேல் தப்பாக அடித்திருந்தார் என்பது, விடைப் பக்கம் கிழியாத இதழ் ஒன்று கிடைத்தபோதுதான் தெரிந்தது.

கல்லூரியில் சேர்ந்தபோது சித்தப்பா ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரி வாங்கிக் கொடுத்தார். லிஃப்கோவில் வார்த்தைக்கு அர்த்தம் இருந்தது. இதில் வார்த்தைக்கு வாழ்க்கை இருந்தது. ஒவ்வொரு சொல்லின் கீழும் சாய்வெழுத்தில் குட்டிக் குட்டியாக உதாரண வாக்கியங்கள். நான் அர்த்தம் பார்ப்பதை விட்டுவிட்டு வாக்கியங்களை மட்டும் கதைப்புத்தகமாகப் படிக்க ஆரம்பித்தேன். அதில் இருந்தவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள், குடையை மறந்தார்கள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள், வானிலையைப் பற்றி வருத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர் கிடையாது; ‘அவர்’, ‘அவள்’, ‘அவர்கள்’தான். ஒரு வாக்கியத்தில் கோபித்துக்கொண்டு போனவர் இன்னொன்றில் சமாதானமானாரா என்று தேடி நான் எஸ் எழுத்துவரைக்கும் போயிருக்கிறேன். காவிரிப் பாசன வயலுக்கு நடுவில் வேகாத வெயிலில் உட்கார்ந்து பனிமூட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் புத்தகம். வார்த்தைகள் அதற்குக் கொசுறு.

அதை உருவாக்கிய ஏ. எஸ். ஹார்ன்பி அந்த வேலையைச் செய்தது ஆக்ஸ்ஃபோர்டில் அல்ல, டோக்கியோவில். ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது தயாரித்தது. 1942இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, டோக்கியோவில் அச்சாகி, 1948இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் வெளிவந்தது. அவருக்கு முன்பே 1935இல், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், இன்னொருவரோடு சேர்ந்து, சுமார் 24,000 சொற்களையும் சொற்றொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கும் அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் மூடுபனி எங்களுக்கு ஜப்பான் வழியாகவும் வங்காளம் வழியாகவும் வந்து சேர்ந்த சங்கதி அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சித்தப்பாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லியிருப்பார் அப்பா.

பிறகு 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து கோபில்ட் அகராதி வந்தது. ஜான் சின்கிளேர் என்பவர் தலைமையில், கற்பனை உதாரணம் கூடாது, மனிதர்கள் நிஜமாகவே எழுதியதையும் பேசியதையும் கம்ப்யூட்டரில் சேர்த்து அதிலிருந்துதான் வாக்கியம் எடுக்க வேண்டும் என்று வைராக்கியமாகச் செய்தார்கள். நியாயமான ஏற்பாடு, மொழியியல்காரர்கள் கொண்டாடினார்கள். எனக்கு ஒட்டவில்லை. நிஜ மனிதர்கள் இவ்வளவு சாரமில்லாமல் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ளவா அகராதி வாங்குகிறோம்? அதே மூச்சில், 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தபோது நேர்மாறாக ஆனந்தப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பேச்சு உதாரண வாக்கியமாக அச்சில் உட்கார்ந்திருந்தது. தமிழ் அகராதியில் வீடு வேண்டும். ஆங்கில அகராதியில் வெளியூர் வேண்டும். முரண்பாடுதான். ஹிண்டு தலையங்கம் படித்தவன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

சேர்த்த வார்த்தைகளை எங்கே செலவழித்தேன் என்று கேட்காதீர்கள். வங்கியில் வேலை. ‘ஃபார்வர்டட் ஃபார் நெசசரி ஆக்‌ஷன்’, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இரண்டையும் வைத்துக்கொண்டே ஓய்வூதியம்வரை வந்துவிட்டேன்.

அத்தை மகன் கதை வேறு. எனக்கு மூத்தவர், அத்தான் என்று கூப்பிடுவேன். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தபோது அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ பரீட்சைக்காக பேரன்ஸ் புத்தகத்தின் 3,500 வார்த்தைகளை மொட்டைமாடியில் நடந்துகொண்டே உருப்போட்டார். வார்த்தைக்கு எதிர்ச்சொல், அந்த எதிர்ச்சொல்லுக்கு இன்னொரு எதிர்ச்சொல் என்று போய்க்கொண்டே இருப்பார். கஞ்சத்தனத்துக்கு மட்டும் அவர் கையில் ஏழெட்டு வார்த்தைகள். அமெரிக்கா போய் இறங்கிய வாரம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் “பேப்பர் ஆர் பிளாஸ்டிக்?” என்று கேட்டிருக்கிறாள். எந்தப் பையில் போட வேண்டும் என்பது கேள்வி. அத்தான் அதை டாலர் நோட்டா, கிரெடிட் கார்டா என்று புரிந்துகொண்டு “பேப்பர்” என்றாராம். காகிதப் பை கிடைத்தது. இரண்டு தரப்புக்கும் திருப்தி.

2011 ஆகஸ்டில் ஜிஆர்இயிலிருந்து எதிர்ச்சொல் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தான் எனக்கு போன் போட்டு, “தூக்கிட்டான்டா” என்றார். குடும்பத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று பதறிவிட்டேன்.

இப்போது அவர் பேரன் அங்கே சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினார். நடுவில் கோடு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ‘கிணறு’ என்ற சொல்லுக்குப் பையன் எழுதிய சொந்த வாக்கியம்: ‘என் கிணறு நீல நிறம்.’ கிணற்றை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அந்தப் படத்தில் அது நீலமாக இருந்திருக்கும். நானாக இருந்தால் முழு மார்க் போடுவேன்.

இங்கே சென்னையில் என் பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு வேர்டு மீனிங் நோட்டு கிடையாது, இருந்தும் ஆங்கிலம் மடை திறந்து ஓடுகிறது. தெரியாத வார்த்தை வந்தால் போன் கேமராவை அதன் மேல் காட்டுகிறாள். அர்த்தம் வந்து நிற்கிறது, ஐந்து நிமிஷத்தில் அர்த்தமும் போய்விடுகிறது, மறுபடி காட்டுகிறாள். 2017இல் சசி தரூர் ‘ஃபராகோ’ என்று ட்வீட் போட்டபோது நாடே இப்படிப் போனைத் தட்டியது. இதில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல், 2007இல் தொடங்கிய ஃப்ரீரைஸ் என்ற இணைய விளையாட்டு. ஆங்கில வார்த்தைக்குச் சரியான அர்த்தம் சொன்னால், விளம்பரக்காரர்கள் செலவில் பசித்தவர்களுக்குப் பத்து அரிசி கொடுத்தார்கள்; அந்த விளையாட்டு பின்னால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் போய்ச் சேர்ந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய 50,000 அரிசி என்று வைத்தால் 5,000 வார்த்தைக்கு ஒரு கிலோ. ஓய்வு பெற்ற பிறகு இராப்பகலாக உட்கார்ந்து நான் சம்பாதித்த நெல் அதுதான். பரோபகார சிந்தையுள்ள வேலை என்றும் சொல்லலாம்.

போன மாதம் பேத்திக்கு ‘மேக் சென்டென்ஸ்’ வீட்டுப்பாடம். போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவைக் கேட்டாள். வார்த்தைக்கு ஐந்து வாக்கியம், கண் மூடித் திறப்பதற்குள். தமிழ்நாட்டுக் குழந்தை என்று அதற்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எல்லா வாக்கியத்திலும் ரவி என்று ஒரு பையன். கோயிலுக்குப் போகிறான், இட்லி சாப்பிடுகிறான், பாட்டிக்கு உதவி செய்கிறான், பொங்கல் கொண்டாடுகிறான். குறை சொல்ல முடியாத பிள்ளை. தமிழ்நாட்டில் நான் இத்தனை வருஷமாக இருக்கிறேன், இப்படி ஒரு பையனைப் பார்த்ததில்லை.

“ஒரு வெள்ளைக்காரனையாவது போடச் சொல்லும்மா” என்றேன். “பழைய கால இங்கிலாந்து மாதிரி” என்று தட்டினாள். உடனே கொட்டியது: ஓய்வு பெற்ற கர்னல், பாதிரியார் வீட்டுத் தோட்டம், விடாத மழை, தேநீர், ஸ்கோன். ஹார்ன்பிகூட ஒரே வாக்கியத்தில் இத்தனையை அடைத்திருக்க மாட்டார்.

“ஸ்கோன்னா என்ன தாத்தா?” என்றவள் கேமராவைத் தூக்குவதற்குள் முந்திக்கொண்டேன். “நம்ம பேக்கரி பன் மாதிரி இருக்கும், கொஞ்சம் கெட்டியா. நடுவுல பிளந்து வெண்ணெய் தடவிச் சாப்பிடணும். ஜாம் போட்டா இன்னும் நல்லா இருக்கும்.”

“நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?”

“படிச்சிருக்கேன்.”